அணியும் காவலும்: ஓரத்தில் எழுதிய எழுத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆண்டு மலரின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். அவ்வாண்டுதான் எங்கள் துறையின் முன்னாள் தலைவர் மறைந்திருந்தார். அவருடைய புகைப்படத்தை முதல் பக்கத்தில் முழு அளவில் இடுவது என்றும், படத்தைச் சுற்றி வழக்கமான பூவேலைக் கரைக்குப் பதிலாக அவர் பெயர், பிறந்த ஊர், பணிக்காலம், துறையின் அஞ்சலி ஆகியவற்றையே கரையாக ஓட்டுவது என்றும் முடிவாயிற்று. யோசனை என்னுடையது. தொடரை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். மெய்ப்பு வந்தபோது உள்ளே இருந்த கட்டுரைகளை எல்லாம் ஒற்றெழுத்து விடாமல் திருத்தினேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், அழகாக இருந்தது. கையெழுத்திட்டுவிட்டேன்.

மலரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய துணைவியார் கண்ணாடி அணிந்துகொண்டு, படத்தைச் சுற்றியிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, புத்தகத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் படித்தார். நான்கு பக்கமும் சுற்றி முடித்த பின், "அவங்க பேரு இதுல சரியா விழலையே, தம்பி" என்றார். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. அதனால்தான் இன்றும் கேட்கிறது.

ஐயாவின் தலைப்பெழுத்து 'சொ'. அதன் ஒற்றைக்கொம்பு மேல்விளிம்பின் வலக்கோடியில் தனியே நின்றது. சகரமும் காலும் வலப்பக்க விளிம்பில் சாய்ந்து கிடந்தன. நான்கு பக்கமும் நிரம்பவேண்டும் என்பதற்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டியிருந்தார்கள். அதனால் 'பேராசிரியர்' என்ற சொல்லில் கால் தன் ரகரத்தை விட்டு விலகி, தானே ஒரு ரகரம் போலத் தோன்றி, 'பேரரசிரியர்' ஆகியிருந்தது. மலரின் ஆயிரத்துச் சொச்சம் படிகளிலும் அப்படியே. தமிழ் படித்தவர்கள் பதின்மர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தோம். ஒருவரும் படிக்கவில்லை. கரை என்று நினைத்துவிட்டோம்.

படத்துக்கு எழுத்தால் கரை கட்டும் பழக்கம் எப்போது தொடங்கியது, முன்னோர் இந்த இடரை எப்படிச் சமாளித்தார்கள் என்று அன்றிலிருந்து தேடிப் படித்து வருகிறேன். அதில் தேறியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

உருவத்தைச் சுற்றி எழுத்து ஓடும் பொருள்களில் நாம் அன்றாடம் தொட்டுப் புழங்கியது நாணயம். நடுவே அரசன் முகம். விளிம்பை ஒட்டி வட்டமாக அவன் பெயரும் பட்டமும். கிரேக்க, உரோமானிய நாணயங்களில் நிலைபெற்ற இம்முறை வாணிபத்தோடு இந்தியாவின் மேற்குக் கரைக்கும் தெற்குக்கும் வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சாதவாகனர் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் நமக்கு மிக நெருக்கமானவை. ஒருபுறம் மன்னனின் தலை. அதைச் சுற்றிப் பிராகிருத வாசகம். மறுபுறத்தில் அதே செய்தி வேறு மொழியில், தமிழ் பிராமியை ஒத்த எழுத்தில் சுற்றி வருகிறது. அம்மொழி தமிழே என்று ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட அறிஞர்கள் படித்துள்ளனர். 'மகன்' என்னும் சொல்லையும் 'திரு' என்னும் அடையையும் அந்த விளிம்பில் காண்கிறோம். நடுவிலுள்ள முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த உறவை யாரும் ஊகித்திருக்க இயலாது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளும் இத்தகையனவே. தலையை ஒட்டிச் செல்லும் சில எழுத்துகள்தாம் 'மாக்கோதை' என்றும் 'குட்டுவன் கோதை' என்றும் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்கின்றன. அவ்வெழுத்துகள் தேய்ந்திருந்தால், உரோமானிய முகம் போன்ற ஏதோ ஒரு முகம் என்பதோடு நின்றிருப்போம்.

அதே காலத்தில் அதே மேற்குக் கரையில் நேர்மாறான ஒன்றும் நடந்தது. மேற்கு சத்ரபர்களில் ஒருவனான நகபானனின் நாணயத்தில் முகத்தைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் ஒரு வாசகம் உண்டு. மொழி பிராகிருதம், எழுத்து மட்டும் கிரேக்கம். அதைப் படிக்கவும் முடிகிறது. அவனுக்குப் பின் வந்தோர் காலத்தில் அச்சு வெட்டிய கம்மியர்களுக்குக் கிரேக்க எழுத்துத் தெரியவில்லை. முன்னோன் அச்சில் இருந்ததைப் பார்த்து வெட்டினார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து வெட்டினார். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து சிதைந்து, வட்டங்களும் கோடுகளுமாகி, கடைசியில் ஒரு பூவேலைபோல ஆகிவிட்டது. கி.பி. 400ஐ ஒட்டி மேற்குப் பகுதியை வென்ற குப்த மன்னன் இரண்டாம் சந்திரகுப்தன் அந்நாணயத்தைப் பின்பற்றி வெள்ளிக்காசு வெளியிட்டபோது, அந்தக் கிரேக்க எழுத்தின் எச்சங்களும் பொருளற்ற கீறல்களாகக் கூடவே வந்தன.

ஆயினும் அதே சத்ரப நாணயத்தின் பின்புறம் பிராமி வாசகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இன்ன பட்டமுடைய இன்னார் மகன் இன்னார் என்று தந்தை பெயரோடு அது சொல்லும். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் முன்புறத்தில் மன்னன் தலைக்குப் பின்னால் சக ஆண்டும் எண்ணால் பொறிக்கப்பட்டது. அந்த மரபின் அரச வரிசையை வரலாற்றாளர் கோத்தெடுத்தது பெரிதும் இவற்றைக் கொண்டுதான். ஒரே காசு, ஒரே கம்மியன் கை. படிப்பவர் இருந்த எழுத்து பிழைத்தது. படிப்பவர் இல்லாத எழுத்து கோலமானது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஓஃபா என்ற கிறித்தவ மன்னன் ஒரு பொற்காசு வெளியிட்டான். அது பாக்தாத் கலீபாவின் தினாரைப் பார்த்துச் செய்த படி. ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும், இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியும் அரபு எழுத்தில் அதில் அப்படியே உள்ளன. நடுவில் 'ஓஃபா மன்னன்' என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அரபு எழுத்து நேராக நிற்கும்படி காசைப் பிடித்தால் மன்னன் பெயர் தலைகீழாக நிற்கும். பொறித்தவனுக்கு அரபு எழுத்தில் எது மேல், எது கீழ் என்று தெரிந்திருக்கவில்லை. பின்னாளில் இத்தாலிய ஓவியர்கள் மரியாளின் ஒளிவட்டத்திலும் ஆடைக்கரையிலும் அரபு போலத் தோன்றும் எழுத்தணிகளைத் தீட்டினார்கள். ஜென்டிலே டா ஃபப்ரியானோ 1423இல் வரைந்த 'ஞானியர் வணக்கம்' ஓவியம் அதற்குப் பெயர்பெற்ற சான்று.

எழுத்து கோலமாவதைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தார்கள். யூதர்களின் எபிரேய மறைநூல் சுவடிகளில் மூலத்தின் ஓரங்களில் 'மசோரா' என்னும் குறிப்புகள் எழுதப்படும். இந்தச் சொல் இவ்வடிவில் இத்தனை இடங்களில் வரும், இவ்விடத்தில் இவ்வெழுத்துக் குறைந்து வரும் என்பன போன்ற கணக்குகள் அவை. படியெடுப்பவன் ஓர் எழுத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் இருக்கக் கட்டிய வேலி. நம் உரையாசிரியர் மரபை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். காலப்போக்கில் எழுத்தர்கள் அந்தக் குறிப்புகளை மிக நுண்ணிய எழுத்தில் எழுதி, அந்த எழுத்து வரிகளாலேயே கொடியும் விண்மீனும் விலங்குமாக உருவங்களை அமைக்கத் தொடங்கினர். கெய்ரோவில் சாமுவேல் பென் யாக்கோபு எழுதி 1008இல் முடித்த சுவடி இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. அதன் அணிப்பக்கம் ஒன்றில் விண்மீன் வடிவத்துக்குள்ளும் அதைச் சூழ்ந்த சட்டத்திலும் எழுத்தே கோடாக ஓடுகிறது. நடுவில் எழுத்தரின் பெயர். கண்கொள்ளா அழகு.

ஆனால் 1200ஐ ஒட்டி செருமானிய நாட்டு யூதரிடையே தோன்றிய 'பக்தர் நூல்' ஓர் அறிவுரை கூறுகிறது. மசோரா எழுத எழுத்தரை அமர்த்துபவன், பறவை, விலங்கு, மரம் என்று உருவம் அமைக்கக்கூடாது என முன்னமே நிபந்தனை செய்துகொள்ள வேண்டும். உருவமாக்கிவிட்டால் பின் அதை எப்படிப் படிப்பது என்பது அதன் கருத்து. வேலியாக இருக்கவேண்டியது பூச்செடியாகிவிட்டால் வயலை யார் காப்பது என்று இதை நம் மொழியில் சொல்லலாம்.

அழகும் படிப்பும் ஒன்றாக நிற்க முடியாதா? முடியும் என்பதற்கு ஆக்ராவில் தாஜ்மகால் இருக்கிறது. நான்கு முகப்புகளிலும் உள்ள பெரிய வளைவுகளை நீள்சதுரச் சட்டமாகச் சூழ்ந்து, வெண்பளிங்கில் கரும்பளிங்கு பதித்த எழுத்து ஓடுகிறது. வலப்பக்க அடியில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்கும். குர்ஆனின் 36ஆம் அத்தியாயமான யாசீன் இவ்வாறு நான்கு முகப்புகளையும் சுற்றி வருகிறது. இதை வடிவமைத்தவர் ஈரானின் ஷிராஸிலிருந்து வந்த அமானத் கான். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு உயரத்தில் உள்ள எழுத்து சிறுத்துவிடாதிருக்க, மேலே செல்லச் செல்ல எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படிப்பவன் எங்கே நிற்பான் என்று எண்ணிப் பார்த்துச் செய்த வேலை இது. ஷாஜகானின் மாபெரும் கட்டடத்தில் தன் பெயரையும் ஆண்டையும் பொறித்துக்கொள்ளும் பேறு அமானத் கானுக்குக் கிடைத்தது. மெய்ப்புக்குக் கீழே இடும் கையெழுத்தாகவே எனக்கு அது படுகிறது. நானும் ஒரு கையெழுத்து இட்டேனே என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

விளிம்பெழுத்தின் பணியைச் சுருங்கச் சொல்வதற்கு மீண்டும் நாணயத்துக்கே வரவேண்டும். கையால் அடித்த காசுகளின் விளிம்பைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவது இங்கிலாந்தில் பெருந்தொல்லையாக இருந்தது. 1662இல் இயந்திரத்தால் அடித்த வெள்ளிக் கிரவுன் காசின் பக்கவாட்டுத் தடிப்பிலேயே எழுத்தைப் பொறித்தார்கள். யாரேனும் சுரண்டினால் எழுத்து அழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே பொறித்த இலத்தீன் சொற்களின் பொருள் 'அணியும் காவலும்' என்பது. எழுத்து காசுக்கு அழகு. காசுக்குக் காவலும் அதுவே. எழுத்து எழுத்தாகத் தெரியும்வரைதான் காவல் நடக்கும்.

அச்சுக்கலை வந்தபின் இப்பழக்கம் சிறிது காலம் ஒடுங்கியது. ஈய அச்செழுத்து ஒவ்வொன்றும் நாற்சதுரக் கட்டை. கட்டைகளை நேர்வரியாக அடுக்கி, இரும்புச் சட்டத்துக்குள் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். நேர்வரியில்தான் இறுக்கம் வரும். வளைத்தால் கட்டைகள் சிதறும். ஆகவே படத்துக்குக் கரை வேண்டுமானால் இலை, பூ வடிவில் வார்த்த பார்டர் அச்சுகளைக் கோத்தார்கள். வளைந்த எழுத்துதான் வேண்டும் என்றால் ஓவியர் கையால் எழுதித்தர, அதைத் தகட்டில் 'பிளாக்' எடுப்பார்கள். கல்லச்சு வந்தபோது கை எழுதியது அப்படியே அச்சேறியதால் எழுத்துக்கு மறுபடி வளைய விடுதலை கிடைத்தது. இவ்விரு முறைகளிலும் விளிம்பெழுத்தை ஒரு மனிதன் எழுதினான் என்பதை மறக்கலாகாது. எழுதத் தெரிந்தவன் கொம்பையும் மெய்யையும் பிரிக்கமாட்டான்.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ் பெயரைத்தான் அந்நிறுவனம் தாங்கியிருந்தது. 1994இல் அதை அடோபி வாங்கியது. 1999இல் இன்டிசைன் வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியானாலும் தமிழ்நாட்டு அச்சகங்களில் அதன் பின்னும் பல்லாண்டு அது உழைத்தது. எழுத்தை வளைகோட்டில் ஓட்டும் வசதி அதில் இல்லை. நான்கு எழுத்துத் துண்டுகளைத் திருப்பி நான்கு பக்கமும் வைப்பார்கள். அல்லது கோரல்டிராவில் வளைத்துக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். இன்டிசைனில் ஒரு கோட்டை வரைந்து அதன்மேல் எழுத்தை ஓடவிடலாம். ஆங்கிலத்துக்கு இதில் பெரிய இடர் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனி உரு. கோட்டின் சாய்வுக்கேற்பத் தனித்தனியே சாயும்.

தமிழுக்கு இங்கேதான் வினா எழுகிறது. ஓர் எழுத்து என்பது எது?

இலக்கணம் இதற்கு ஐயத்துக்கிடமின்றி விடை சொல்லும். 'சொ' என்பது ஓர் உயிர்மெய், எண்ணிக்கையில் ஒன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகள் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல் நெடுக எழுத்துகள் ஓடும். உடல்கள் குறுக்கிடும் சந்தியில் நிற்கும் எழுத்து இரு செய்யுளுக்கும் பொதுவாக வரவேண்டும். சக்கரத்திலும் அப்படியே. ஒவ்வோர் அறைக்கும் ஓர் உயிர்மெய், கொம்பும் காலும் உட்பட. ஓர் அறை பிசகினாலும் பாட்டு சிதையும் என்பதால் ஓவியத்தைப் பார்ப்பவன் படித்தே ஆகவேண்டும். படிக்காதவனுக்குச் சித்திரம் உண்டு, கவி இல்லை.

பழைய தமிழ் எழுத்துருக்களுக்கோ 'சொ' என்பது மூன்று: ஒரு கொம்பு, ஒரு சகரம், ஒரு கால். தட்டச்சுப் பொறியில் இருந்த துண்டுகளைப் போலவே தனித்தனி இடங்களில் வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான தாம், தாப் குறியீடுகளும் இந்த வழியிலேயே சென்றன. நேர்வரியில், நடுவே வரி முறியாதவரை, கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இடைவெளியைக் கூட்டினாலோ, மூலையில் திருப்பினாலோ, வட்டத்தில் ஓட்டினாலோ மூன்றும் மூன்று திசைக்குச் சாயும். கால் ரகரமாகும். ஔகாரச் சிறகு ளகரமாகும். எழுத்தின் உறவு தெரியாத இயந்திரம், கிரேக்கம் தெரியாத சத்ரபர் கம்மியனின் நிலையில்தான் இருக்கிறது.

யூனிகோடில் 1991 முதல் தமிழுக்கு இடமுண்டு. அதில் 'சொ' என்பது சகரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. அவற்றைச் சேர்த்து உருவமாக்குவது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான அந்த வசதி 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்துதான் முறையாகக் கிடைத்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியீட்டை யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. அது இலக்கணக் கணக்குக்கு நெருங்கியது எனினும், உலகப் பயன்பாட்டில் நிலைத்தது யூனிகோடே.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கொம்பை மெய்யிலிருந்து பிரித்தது கணினிதான் முதன்முதல் என்று எண்ணியிருந்தேன். கல்வெட்டுப் பதிப்புகளைப் புரட்டியபோது அந்த எண்ணம் மாறியது. ஒற்றைக்கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியின் முதலிலும் நிற்பதைக் கல்லிலும் காணலாம். புள்ளியும் பெரும்பாலும் இராது. தஞ்சைப் பெரியகோயில் அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் இராசராசனின் கல்வெட்டுகளைவிடப் பெரிய விளிம்பெழுத்தை நம் நாட்டில் எங்கே காண்பது? எழுத்து வசதிக் குறைவு அன்றும் இருந்தது. ஆனால் அங்கே எழுதியிருந்தவை நிலக்கொடையும் பொற்கணக்கும் பணியாளர் பட்டியலும். பிழைபட்டால் ஒருவர் பங்கு போய்விடும். ஆகவே படிப்பதற்கு ஆள் இருந்தது. கொம்பு எங்கே நின்றாலும் படிப்பவன் அதை மெய்யோடு கூட்டிக்கொண்டான்.

ஆக, எங்கள் மலரின் பிழையை எழுத்துருவின் மேல் மட்டும் சுமத்த எனக்கு மனமில்லை. பக்கம் அமைத்த இளைஞர் கிடைத்த கருவியைக் கொண்டு அழகாகச் செய்தார். அதைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு மனிதரின் பெயரைக் கரையாக்கிவிட்டு, கரையைப் படிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மீண்டும் அமைக்கச் செய்தோம். படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. கீழே நேர்வரியில் ஐயாவின் பெயரும் ஊரும் ஆண்டுகளும். சட்டம் போட்டு எடுத்துச்சென்று கொடுத்தேன். அம்மையார் இம்முறையும் விரல் வைத்துத்தான் படித்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிக் கூடத்துச் சுவரில் மாட்டச் சொன்னார்.

மாணவர்கள் கொண்டுவரும் அழைப்பிதழ்களிலும் மலர்களிலும் இன்றும் எழுத்துக்கரைகள் வருகின்றன. வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. யூனிகோடு எழுத்துருவில் அமைத்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். மூலைகளில் சொல் முடிந்து சொல் தொடங்குகிறதா, இடைவெளி சொல்லுக்குச் சொல் கூட்டப்பட்டிருக்கிறதா, எழுத்தைப் பிளந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு தாளைக் கையில் எடுத்து, அவர் செய்ததுபோலவே விளிம்பில் விரலை வைத்து, நான்கு பக்கமும் திருப்பிப் படிக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.